எட்டு சென்ட்டை மட்டும் விற்க முடியுமா?

"ஏனுங்க சார், இருபத்திரண்டு சென்ட்டை வெச்சுத்தானுங்க கடன் வாங்கினேன். இப்ப எட்டு சென்ட்டை விக்கறேன். எட்டு சென்ட்டுக்கு உண்டான கடனைக் கட்டிட்டா, அந்த எட்டு சென்ட்டு வில்லங்கமில்லாம வந்துருமுங்களே?"

பல்லடம், சோமனூர், அவிநாசி வட்டாரங்களில் வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. பத்திர நகலையும் ஈசி என்னும் வில்லங்கச் சான்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வருகிறார்கள். இப்படிக் கேட்பவர்கள் வங்கியை ஏமாற்ற நினைப்பவர்கள் அல்ல. தறிக் கூலி குறைந்திருக்கும், மகள் கல்யாணம் நெருங்கியிருக்கும், வட்டி கட்டிக் கட்டிச் சலித்திருக்கும். கொஞ்சம் நிலத்தை விற்றால் மூச்சு விடலாம் என்று நினைக்கிறார்கள். நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் கேள்விக்குள் இருக்கும் கணக்கைச் சட்டம் ஏற்பதில்லை.

வாங்கிய கடன், நிலத்தின் மேல் சென்ட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிந்து நிற்பதில்லை. முழுக் கடனும் ஒவ்வொரு சென்ட்டின் மேலும் இருக்கிறது. 60 லட்சம் வாங்கி 55 லட்சம் கட்டிவிட்டாலும், மீதி 5 லட்சத்துக்கு இருபத்திரண்டு சென்ட்டும் ஈடுதான். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 60-ஆவது பிரிவில், அடமானத்தை மீட்கும் உரிமையைக் கடன் வாங்கியவருக்குக் கொடுத்துவிட்டு, அதே பிரிவின் கடைசியில் ஒரு வரம்பும் வைக்கிறது. சொத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளவர், தன் பங்குக்கு உரிய தொகையை மட்டும் கட்டி அதை மீட்டுக்கொள்ள முடியாது. கடன் கொடுத்தவரே அந்தச் சொத்தில் ஒரு பங்கை வாங்கியிருந்தால்தான் விலக்கு. அப்பா வைத்த அடமானத்தில் அண்ணன் தன் பாதியை மட்டும் மீட்க முடியாமல் தம்பியின் பாக்கிக்காகக் காத்திருப்பது இதனால்தான்.

ஆகவே ஒரு பகுதியை மட்டும் விடுவிப்பது வங்கியின் சம்மதத்தைப் பொறுத்தது. அதை உரிமையாகக் கேட்க முடியாது, பேசித்தான் வாங்க வேண்டும். நான் பார்த்தவரை, கணக்கோடும் வரைபடத்தோடும் வந்து, அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைத்தது. முதலில் அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்துவிட்டுப் பிறகு வங்கிக்கு வந்தவர்கள்தான் அல்லாடினார்கள்.

வங்கிக்குச் சொல்லாமலே விற்றால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அடமானம் வைத்ததால் நிலம் உங்களுடையது இல்லாமல் போய்விடவில்லை. விற்பனை நடந்தால் அது செல்லாது என்றும் சட்டம் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் விற்பது கடனோடு கூடிய நிலத்தை. வாங்கியவர் பெயருக்குப் பட்டாவே மாறினாலும், நீங்கள் தவணை கட்டத் தவறினால் வங்கி அவர் வாசலுக்குத்தான் வரும். உங்கள் கடன் ஒப்பந்தத்தில் "வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி விற்கவோ பிரிக்கவோ கூடாது" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதை மீறினால் முழுக் கடனையும் ஒரே தவணையில் கட்டு என்று கேட்க வங்கிக்கு வழி திறந்துவிடும்.

பதிவு அலுவலகத்திலும் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்று சேர்ந்தது. அசல் முன் ஆவணத்தைக் காட்ட வேண்டும், அடமானம் இருந்தால் கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றது அந்த விதி. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கே.கோபி வழக்கில், அந்த விதி பதிவுச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று ரத்து செய்தது. உரிமை இருக்கிறதா இல்லையா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதைக் கேள்விப்பட்டு, "இனிமே பேங்க்கு லெட்டரே வேண்டாமாம் சார்" என்று ஒருவர் சந்தோஷமாக வந்தார். சார்பதிவாளர் கேட்கிறாரா இல்லையா என்பது வேறு, அடமானம் நீங்குகிறதா என்பது வேறு. பதிவு நடந்துவிட்டால் கடன் கழன்றுவிடும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. பதிவு விதிகள் இன்னும் பலமுறை மாறலாம். அடமானத்தின் அடிப்படை 1882-இலிருந்து அப்படியேதான் இருக்கிறது.

இனி, நான் பணியில் இருந்தபோது வந்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். பகுதி விற்பனையில் வங்கி எதைப் பார்க்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

நிலம் ரோட்டோரத்தில் 80 அடி அகலம், உள்ளே 120 அடி நீளம். மொத்தம் 9,600 சதுர அடி. சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்றால் இருபத்திரண்டு சென்ட். பின்பக்கம் வீடும் தறிக் கொட்டகையும். முன்பக்கம் வெறும் இடம். வங்கி மதிப்பு நிலத்துக்கு 1 கோடியே 10 லட்சம், கட்டடத்துக்கு 20 லட்சம், ஆக 1 கோடியே 30 லட்சம். கடன் பாக்கி 52 லட்சம். ரோட்டோர எட்டு சென்ட்டை, அதாவது 80 அடிக்கு 44 அடியை, சென்ட் 6 லட்சத்துக்கு வாங்க ஒருவர் தயாராக இருந்தார். 48 லட்சம் வரும். அதில் 20 லட்சத்தை வங்கியில் கட்டிவிட்டு 28 லட்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

அவர் போட்ட கணக்கு இது: மீதி பதினான்கு சென்ட்டும் சென்ட் 5 லட்சம் வீதம் 70 லட்சம், கட்டடம் 20 லட்சம், ஆக 90 லட்சம் ஈடு இருக்கிறது, கடன் 32 லட்சம்தான், வங்கிக்கு என்ன குறை?

வேல்யூவர் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய மதிப்பு வேறு. முன்பக்கம் முழுவதும் போய்விட்டால் பின்னால் இருக்கும் பதினான்கு சென்ட்டுக்கு ரோடே கிடையாது. அந்த நிலத்துக்குச் சென்ட் இரண்டரை லட்சம்தான் என்று எழுதினார். நிலம் 35 லட்சம், கட்டடம் 20 லட்சம், மொத்தம் 55 லட்சம். அந்தக் கடனுக்கு வங்கி வைத்திருந்த வரம்பு, ஈட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் பாக்கி நிற்கக் கூடாது என்பது. 55 லட்சத்தில் பாதி இருபத்தேழரை லட்சம். அப்படியானால் 52 லட்சத்திலிருந்து இருபத்திநாலரை லட்சத்தைக் கட்டியாக வேண்டும். கையில் நிற்பது இருபத்துமூன்றரை லட்சம்.

இடத்தை அளந்துகொண்டிருந்தபோது அவருடைய மனைவிதான் சரியான கேள்வியைக் கேட்டார்: "முன்னாடி வாங்கறவங்க காம்பவுண்டு எழுப்பிட்டா, பாவு ஏத்திட்டு வர்ற வேன் எப்படிங்க உள்ள வரும்?"

விற்றவருக்கு வழியே இல்லாமல் போனால், விற்ற நிலத்தின் வழியாகவே நடக்கும் உரிமை 1882-இன் வசதியுரிமைச் சட்டம் 13-ஆவது பிரிவின்படி கிடைக்கும். ஆனால் அதற்கு நீதிமன்றம் போக நேரலாம். வழக்கில் கிடைக்கப்போகும் வழியை நம்பி எந்த வங்கியும் கடனை விட்டுவைக்காது. அந்தக் குடும்பமும் அதை நம்பி நிலத்தை விற்கக் கூடாது.

கோட்டை மாற்றிப் போட்டோம். மேற்கு ஓரத்தில் 20 அடி அகலத்தை ரோடு வரை அப்படியே விட்டுவிட்டு, 60 அடிக்கு 44 அடி, அதாவது 2,640 சதுர அடி, ஆறு சென்ட்டை மட்டும் விற்பது என்று முடிவானது. விலை 36 லட்சம். மீதி பதினாறு சென்ட்டுக்கு 20 அடி வாசல் இருந்ததால், வேல்யூவர் சென்ட்டுக்கு நாலரை லட்சம் போட்டார். நிலம் 72 லட்சம், கட்டடம் 20 லட்சம், மொத்தம் 92 லட்சம். வங்கியின் பாதி வரம்புப்படி பார்த்தால் 6 லட்சம் கட்டினாலே போதும். மேலிடம் 12 லட்சம் கேட்டது, அவர் ஒப்புக்கொண்டார். பாக்கி 40 லட்சமாக இறங்கியது, கையில் 24 லட்சம் நின்றது.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு சென்ட்டை விற்றால் கையில் இருபத்துமூன்றரை லட்சம், ஆறு சென்ட்டை விற்றால் 24 லட்சம். இரண்டு சென்ட் குறைவாக விற்று, அரை லட்சம் கூடுதலாக எடுத்து, வேன் வரும் வழியையும் காப்பாற்றிக்கொண்டார்கள். எட்டில் முடிந்தால் கடன் குறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ரோடில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு, மறுபடி ஒரு கடனோ விற்பனையோ வேண்டுமென்றால் அவர்கள் எங்கே போவார்கள்? எத்தனை சென்ட்டை விற்கிறீர்கள் என்பதைவிட வங்கி அதிகம் கவனிப்பது, மிச்சமிருப்பது எப்படி நிற்கிறது என்பதைத்தான். உங்களுக்கும் அதுவே முக்கியம். அதனால் விலை பேசுவதற்கு முன்பே, ஒரு சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து, கோடு போட்ட ஸ்கெட்ச் ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்கெட்ச்சை உள்ளாட்சி அலுவலகத்திலும் காட்ட வேண்டும். மனையைப் பிரித்து விற்க உட்பிரிவு அனுமதி தேவைப்படும். அங்கீகாரமில்லாத மனைப் பிரிவில் உள்ள மனையைப் பதிய மறுக்க, தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சார்பதிவாளருக்கு அதிகாரம் கொடுக்கிறது. வங்கி சரி என்று சொல்லி, வாங்குபவர் பணத்தோடு வந்து, கடைசியில் இந்த அனுமதி இல்லாமல் நின்றுபோன விற்பனைகள் உண்டு.

வங்கிக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கம் போதும். எந்தக் கடன் கணக்கு, இன்றைய பாக்கி எவ்வளவு, எந்தச் சர்வே எண்ணில் எத்தனை சென்ட், நான்கெல்லை என்ன, யாருக்கு என்ன விலைக்கு, வரும் பணத்தில் எவ்வளவு வங்கிக்கு, மிச்ச நிலத்துக்கு வழி எது என்று எழுதி, ஸ்கெட்ச்சை இணைத்துக் கொடுங்கள். கூட்டாகக் கடன் வாங்கியவரும் ஜாமீன்தாரரும் அதில் கையெழுத்துப் போடட்டும். ஈட்டில் ஒரு பகுதியை அவர்களைக் கேட்காமல் விட்டுவிட்டால், பின்னால் ஜாமீன்தாரர் தன் பொறுப்பு குறைந்துவிட்டது என்று வாதாட இடமிருக்கிறது. அதனாலேயே வங்கி அவர்கள் சம்மதத்தைக் கேட்கும். கடிதத்தின் நகலில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கிளை மேலாளர் நல்லவராக இருக்கலாம், "பண்ணிக்கலாங்க, போய்ட்டு வாங்க" என்று மனதாரச் சொல்லலாம். ஆனால் ஈட்டை விடுவிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது. கடனை யார் அனுமதித்தார்களோ அந்த மேலிடத்துக்குத்தான் தாள் போக வேண்டும். மேலாளர் இடம் மாறிப் போனால் அவர் வாய்வார்த்தையும் அவரோடு போய்விடும்.

இன்னொன்றையும் அப்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: அந்தப் பத்திரம் எத்தனை கடனுக்கு ஈடாக இருக்கிறது? வீட்டுக்கடன் ஒன்றுதான் என்று நினைத்திருப்பீர்கள். தொழிலுக்கு வாங்கிய ஓவர்டிராஃப்ட்டுக்கும், தம்பிக்குப் போட்ட ஜாமீனுக்கும் அதே பத்திரத்தை நீட்டித்து எழுதிக் கொடுத்திருப்பீர்கள். எல்லாக் கணக்கும் சேர்ந்துதான் வங்கியின் கண்ணில் தெரியும்.

ஒப்புதல் கடிதம் வந்ததும் அதைப் படித்துப் பாருங்கள். எத்தனை சென்ட், எந்த எல்லை, எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதி வரை செல்லும் என்பவை தெளிவாக இருக்க வேண்டும். கட்டும் 12 லட்சம் அசலில் கழியுமா, வரப்போகும் தவணைகளுக்கு முன்பணமாக நிற்குமா என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும். அசலில் கழிந்தால்தான் உங்களுக்கு லாபம். கழிந்த பிறகு மாதத் தவணையைக் குறைப்பதா, ஆண்டுகளைக் குறைப்பதா என்பதையும் நீங்கள் கேட்டு எழுதி வாங்கலாம். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்காக அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது.

வங்கி மறுத்துவிட்டால்? முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மிச்ச நிலம் போதாது என்றால் கோட்டை நகர்த்தலாம், வேறொரு சொத்தை மாற்று ஈடாகத் தரலாம். இரண்டும் இயலாவிட்டால் கடனை வேறு வங்கிக்கு மாற்றுவது நல்ல வழி. புது வங்கி பழைய பாக்கி முழுவதையும் கட்டிப் பத்திரத்தை வாங்கும். அப்போது பதினாறு சென்ட்டை மட்டும் ஈடு வைத்து எழுதினால், ஆறு சென்ட் சுத்தமாக வெளியே நிற்கும். பகுதி விடுவிப்பு என்ற பேச்சே அங்கே தேவையில்லை.

இனி வாங்குபவர் பக்கம். அவருக்கும் பயம் நியாயமானது. வில்லங்கச் சான்றில் எம்.ஓ.டி. என்று பத்திரம் ஒப்படைத்த பதிவு தெரியும். அதோடு நிற்காமல், 2011-இல் தொடங்கிய செர்சாய் என்னும் மத்தியப் பதிவகத்திலும் சிறு கட்டணம் கட்டி அந்தச் சொத்தின் மேல் கடன் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் தேடலாம். விற்பவர் "அசல் பத்திரம் பீரோவில் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்" என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கிரய ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை மறைக்காமல் எழுத வேண்டும். சொத்து இன்ன வங்கியில் அடமானத்தில் இருக்கிறது, விலையில் இவ்வளவு நேராக வங்கிக்குப் போகும், வங்கி ஒப்புதல் தராவிட்டால் அட்வான்ஸ் இத்தனை நாளில் திரும்ப வரும். விலையிலிருந்து கடன் தொகையைப் பிடித்து நேரே கடன் கொடுத்தவரிடம் கட்ட, வாங்குபவருக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவே உரிமை தருகிறது. யாரும் யாருக்கும் செய்யும் சலுகை அல்ல இது. அட்வான்ஸைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள், வங்கி வழியாகவே வாங்குங்கள். நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரக்கூடும்.

பதிவு நாளில்தான் இரண்டு பயங்களும் ஒரே இடத்தில் மோதும். "பணத்தைக் கட்டின பிறகு பேங்க்கு விடுவிக்கலேன்னா?" என்பார் வாங்குபவர். விடுவித்த பிறகு பணம் வராவிட்டால் என்ன செய்வது என்று வங்கி யோசிக்கும். இதற்கு நான் எப்போதும் சொன்ன வழி, எல்லோரும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருவது. வாங்குபவர் இரண்டு டிமாண்டு டிராஃப்ட் எடுத்து வருவார். ஒன்று வங்கியின் பெயரில், கடன் கணக்கு எண்ணோடு. மற்றது விற்பவர் பெயரில். வங்கி அதிகாரி தன் டிராஃப்டைச் சரிபார்த்து, ஆறு சென்ட்டை மட்டும் விவரித்து எழுதிய பகுதி விடுவிப்பு ரசீதைப் பதிவு செய்து கொடுப்பார். அடுத்த எண்ணில் கிரயப் பத்திரம் பதிவாகும். சில வங்கிகள் தனி ரசீதுக்குப் பதிலாக, கிரயப் பத்திரத்திலேயே சம்மதிக்கும் தரப்பாகக் கையெழுத்திடும். எப்படிச் செய்தாலும், வெறும் லெட்டர்பேடில் வரும் தடையின்மைக் கடிதத்தோடு வாங்குபவர் திருப்திப்படக் கூடாது. விடுவிப்பு, பதிவான ஆவணமாக ஈசியில் ஏற வேண்டும். செர்சாயிலும் அந்த மாற்றத்தை வங்கி பதிய வேண்டும். பிறகு பட்டா உட்பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 36 லட்சத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம். வழக்கமாக வாங்குபவர் செலவு. வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல் கணக்கிடுவார்கள்.

அசல் பத்திரம் யாருக்கு என்ற சண்டையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்திரம் ஒன்று, நிலம் இரண்டாகிவிட்டது. சட்டம் இதற்கும் விடை வைத்திருக்கிறது. விற்பவர் ஒரு பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் அசல் அவரிடமே இருக்கலாம். ஆனால் வாங்கியவர் நியாயமாகக் கேட்கும்போதெல்லாம், கேட்பவர் செலவில், அதைக் காட்ட வேண்டும், நகல் தர வேண்டும், அதுவரை பத்திரமாகக் காக்க வேண்டும். முழுச் சொத்தும் பல பேருக்கு விற்றுப் போனால், அதிக மதிப்புள்ள பகுதியை வாங்கியவருக்கு அசல் போகும். நம் கதையில் அசல் வங்கிப் பெட்டகத்திலேயே தொடரும். வாங்கியவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்துக்கொள்வதோடு, அசலைக் காட்டும் கடமையைக் கிரயப் பத்திரத்தில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அவர் வங்கிக் கடனில் வாங்குகிறார் என்றால், அசல் இல்லாமல் தன் வங்கி ஏற்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பலர் மறந்து போகும் செலவு வரி. 36 லட்சத்துக்கு விற்று 12 லட்சம் வங்கிக்குப் போய்விட்டது, கைக்கு வந்தது 24 லட்சம்தானே, அதற்குத்தானே வரி என்று கேட்கிறார்கள். இல்லை. நீங்களே வைத்த அடமானத்தைத் தீர்த்த பணத்தை, லாபக் கணக்கில் கழிக்க முடியாது என்று வி.எஸ்.எம்.ஆர். ஜெகதீசசந்திரன் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஆர்.எம்.அருணாசலம் வழக்கில், முன்பிருந்த உரிமையாளர் வைத்த அடமானத்தோடு சொத்து ஒருவருக்கு வந்து, அவர் அதைத் தீர்த்தால், அந்தத் தொகை சொத்தைப் பெற்ற செலவாகும் என்றது. அப்பா வைத்த கடனைத் தீர்த்தீர்களா, நீங்கள் வைத்ததைத் தீர்த்தீர்களா என்பதைப் பொறுத்து வரி மாறும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலமானால், இங்கே குடியிருக்கும் தனிநபர் நீண்டகால லாபத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம், இரண்டில் குறைவானதைக் கட்டலாம். பணத்தைப் பங்கு போடும் முன்பே இதை ஆடிட்டரிடம் கணக்கிட்டு ஒதுக்கி வையுங்கள்.

தவணை நின்றுபோனவர்களுக்கு இன்னும் அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 90 நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடனாகும். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் 13(2) நோட்டீஸ் வரும், 60 நாள் கெடு கொடுக்கும். அந்த நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்பதை 13(13) பிரிவு தடுக்கிறது. அதுவரை ஒப்பந்த மீறலாக இருந்தது அன்றிலிருந்து சட்ட மீறலாகிவிடும். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கு உண்டு. வீடும் கொட்டகையும் உள்ள இடத்துக்கு அந்த விலக்கு கிடைக்காது.

ஆனாலும் நோட்டீஸ் வந்த பிறகும் கதவு மூடிவிடவில்லை. அந்த 60 நாளுக்குள் ஒரு வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு போய், "இந்த ஆறு சென்ட்டுக்கு இவர் இவ்வளவு தருகிறார், முழுவதையும் கடனில் வரவு வையுங்கள், மீதிக்குத் தவணை கொடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். ஏலத்தில் நிலம் நல்ல விலைக்குப் போவது அபூர்வம், அது வங்கிக்கும் தெரியும். ஏல அறிவிப்பு வெளியாகும்வரை காத்திருந்துவிடாதீர்கள். 2016-இல் திருத்திய 13(8) பிரிவின்படி அந்த அறிவிப்புக்கு முன்பே முழுப் பாக்கியும் கட்டினால்தான் சொத்தை மீட்கும் உரிமை இருக்கிறது. 2023-இல் செலிர் எல்எல்பி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

தெரியாமல் ஏற்கெனவே அடமானத்தில் உள்ள பகுதியை வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கும் சட்டத்தில் பிடிமானம் இல்லாமல் இல்லை. சொத்தில் உரிமை உள்ளவர் என்ற முறையில் முழுக் கடனையும் கட்டி மீட்க, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு இடம் தருகிறது. மற்ற பகுதிக்காரர்கள் தங்கள் பங்கைத் தர வேண்டும் என்று கேட்க அதே சட்டத்தின் 82-ஆவது பிரிவு உதவும். ஒரே கடனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொத்துகள் ஈடாக இருந்தால், விற்காமல் வைத்திருக்கும் சொத்திலிருந்து முதலில் வசூலியுங்கள் என்று 56-ஆவது பிரிவில் கேட்கலாம், வங்கியின் உரிமைக்குப் பங்கம் வராத அளவில். மூன்றுமே வக்கீலோடு நடக்க வேண்டிய வழிகள், நாளாகும்.

வங்கிகளின் தாமதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கடன் போன்ற தனிநபர் கடன்களை முழுவதும் அடைத்துவிட்டால் 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. பகுதி விடுவிப்புக்கு அப்படி ஒரு கெடு அந்த உத்தரவில் இல்லை. அந்த இடைவெளியில்தான் சாதாரணக் குடும்பங்கள் நசுங்குகின்றன. தாள் ஒரு மேசையில் தூங்கும், ஒப்பந்தக் கெடு முடியும், வாங்குபவர் விலகுவார், அட்வான்ஸைத் திருப்பித் தர வட்டிக்கு வாங்குவார்கள். உங்கள் கடிதத்துக்குப் பதில் இழுபட்டால், முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தப் புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். ஈட்டை விடுவிக்கச் சொல்லி அவர் வங்கியை நிர்ப்பந்திப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பதிலே சொல்லாமல் இழுத்தடிப்பதை அங்கே சொல்ல முடியும். தேதி முத்திரையுள்ள அந்த நகல் அப்போதுதான் பேசும்.

இன்று கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கும் என் இளைய சகாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முன்னால் ஸ்கெட்ச்சோடு நிற்பவர் கடனை அடைக்க வந்தவர், ஓடிப்போக வந்தவர் அல்ல. இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், மிச்ச நிலத்துக்கு வழி இருக்கிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள். முடியும் என்றால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள், முடியாது என்றால் ஏன் என்று சொல்லுங்கள். எதுவானாலும் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.